ஒளிப்பொறி வேண்டாம், விளக்குச்சீலை என்போம்

இரவில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றி, வந்து அமரும் பூச்சிகளை இனங்காண்கிறோமே, அந்தத் துணிக்கு 'ஒளிப்பொறி' என்று பெயர் வைக்கலாம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

பொறி என்றால் அகப்படுத்துவது, எலிப்பொறி போல. வயலில் பூச்சி பிடித்து அழிக்கும் கருவிக்கு ஒளிப்பொறி என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. போதாக்குறைக்குப் பொறிக்குத் தீப்பொறி என்ற பொருளும் உண்டு. நம் துணியோ எதையும் பிடித்து வைப்பதில்லை. இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில், தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் வரிசைவீட்டு லயத்துக்குப் பின்னால், தேயிலை மலையைப் பார்த்தபடி அதைக் கட்டுவேன். நிலவில்லாத, மழை விட்ட இரவுகளில் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். ஒருமுறை அட்டகஸ் தப்ரோபானிஸ் என்ற பெரிய விட்டில் வந்தது. விரித்த என் கையைவிடப் பெரிது. அதற்கு இரையெடுக்க உதவும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துச் சில நாட்கள்தான் வாழும். அந்த நாட்களுக்குள் இணை தேட வேண்டிய உயிரை ஓர் இரவு பெட்டிக்குள் அடைத்து வைக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் துணி. விடியுமுன் விளக்கை அணைத்துவிடுவேன்; இல்லாவிட்டால் காலையில் கொண்டைக்குருவிகள் ஒன்றையும் மிச்சம் வைக்காது.

பதிவேட்டில் 'பொறியில் அகப்பட்டது' என்பதும் 'துணியில் அமர்ந்தது' என்பதும் வேறு வேறு செய்திகள். பின்னால் எண்ணிக்கைகளை ஒப்பிடுபவருக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

முன்மொழியப்பட்ட மற்றப் பெயர்களில் 'விட்டில்திரை' அழகான சொல். விளக்கில் விழும் விட்டிலைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டது. ஆனால் துணிக்கு வண்டும் வரும், சிள்வண்டும் வரும், கண்ணாடிச் சிறகுப் பூச்சிகளும் வரும். 'அந்துத்திரை' வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அந்து என்றால் அரிசியில் விழுவது. 'ஒளித்திரை' என்றால் கைபேசிதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: விளக்குச்சீலை. 'திரைச்சீலை' எல்லோருக்கும் தெரிந்த சொல், அதே அச்சில் வார்த்தது. சீலை என்றதும் பெண்கள் உடுத்துவதுதான் தோன்றும் என்று ஒருவர் கேட்டது நியாயமே. ஆனால் திரைச்சீலையில் அந்தக் குழப்பம் வருவதில்லையே. முன்னால் நிற்கும் 'விளக்கு' அதைத் தடுத்துவிடும்.

நேற்றிரவு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன்: 'விளக்குச்சீலையில், இரவு 9.40, மெல்லிய பனி.' எங்கும் இடறவில்லை. வினைக்கு 'விளக்குச்சீலை கட்டுதல்' போதும், தனிச்சொல் தேட வேண்டாம்.