எங்கள் கட்டுத்தறிக்கு வந்த கல்வெட்டுக்காரர்கள்

வட்டார வரலாற்றுக் கழகங்களோடு நேர்ந்த அனுபவத்தைப் பற்றி மூன்று பேர் எழுதியது.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து:
நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டத்து வீடான சாளையில் கட்டுத்தறியை ஒட்டி ஒரு பலகைக் கல் நட்டமாக நிற்கும். எருமைக் கயிற்றை அதில்தான் சுற்றுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டாரத்து வரலாற்றுக் கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இன்னொருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். "ஏனுங்க, அந்தக் கல்லைக் கொஞ்சம் கழுவிப் பார்க்கலாங்களா?" என்று அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், கேட்டார்கள்.

தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டி, மேலே மை ஒற்றினார்கள். எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட சேதி. கடைசி வரியை ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான். அப்பாரு முகம் வெளிறிவிட்டது. அன்று சாயங்காலமே எருமைகளை வேறு பக்கம் மாற்றினார். பந்தல் போனது போகட்டும் என்று, அடுத்த கோடையிலிருந்து சாளை வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார். அவர் இருந்தவரை அது நிற்கவில்லை.

கோபியிலிருந்து:
எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தபோது சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். பளபளவென்று ஆனது. பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இருந்த நான்கு வரி அதோடு போய்விட்டது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நல்லவேளை, சில வருடம் முன்பே வரலாற்றுக் கழகத்தார் அதைக் காகிதத்தில் மை ஒற்றி மைப்படி எடுத்திருந்தார்கள். ஒரு உறுப்பினர் வீட்டு அலமாரியில், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். விரித்துக் காட்டியபோது அந்தத் தாளைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. கல் போனபிறகு எங்கள் ஊருக்கு அந்தத் தாள்தானே கல்.

ஈரோட்டிலிருந்து:
எனக்கு அறச்சலூர்தான். ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே நாகமலையில், மிகப் பழைய தமிழ் எழுத்தான தமிழ்பிராமியில் உள்ள இசைக் கல்வெட்டை 1960களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. பள்ளித் தமிழாசிரியராகத் தொடங்கி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறை வரை போனவர். இந்தக் கழகங்களில் இன்றைக்கும் தமிழாசிரியர்கள் நிறைய இருப்பது ஏன் என்று அவரை நினைத்தால் புரியும்.

அந்தக் கல்வெட்டைப் பார்க்கக் கழகத்தார் கூட்டிப்போன பயணத்தில் என் மகளும் வந்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. 5 வரி, வரிக்கு 5 எழுத்து. "த தை தா தை த" என்று முதல் வரி. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாது. பக்கத்திலேயே எழுத்தைச் சேர்த்தவர் பெயரும் இருக்கிறது: மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மணிக்கல்லின், பொன்னின் தரம் பார்ப்பவர். கூட வந்த பெரியவர் மேற்கே கையை நீட்டி, "நொய்யல் கரையில கொடுமணல் இருக்குதுங்க, 1985ல தோண்டினப்ப மணி செஞ்ச பட்டறைத் தடயமே கிடைச்சுது. சங்க நூலான பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் அதுதான். மணி பார்க்கறவர் இங்க வந்ததுல ஆச்சரியம் என்னங்க" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் பேராசிரியர் யாரும் இல்லை. ஒரு விசைத்தறிக்காரர், ஒரு மஞ்சள் வியாபாரி, இரண்டு ஆசிரியைகள், அப்புறம் நாங்கள். வண்டி வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். திரும்பும் வழியெல்லாம் மகள் ஜன்னல் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டே வந்தாள், தலைகீழாகவும் சொல்லிப் பார்த்தாள். விசைத்தறிக்காரர் எண்ணிச் சரிபார்த்தார்.