பூவைக் காப்பாற்றப் போய் உண்ணியோடு திரும்பியவர்கள் யாராவது உண்டா?

மூன்றுமரம்:

போன வருடம் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆப்பிள் முழுப்பூவில் நின்றது. இரவு மைனஸ் 3 என்று வானிலைச் செயலி சொன்னது. அந்த நிலையில் மைனஸ் 2-க்கே பூ கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4 தொட்டால் பத்தில் ஒன்பது போய்விடும் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்த பழைய பெட்ஷீட் அத்தனையையும் வாரிக்கொண்டு போய், இருட்டுவதற்குள் மூன்று மரத்துக்கும் தரை தொடப் போர்த்திக் கல் வைத்தேன்.

கதை அதுவல்ல. மறுநாள் நல்ல வெயில் வந்தபின் விரிப்புகளை உருவினேன். எல்லாம் ஈரம், கனம். மடிக்கச் சோம்பல். வேலியோரப் புல் வழியாக அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து கூடத்துச் சோபாவில் போட்டேன். என் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, எள்ளு நடக்குது" என்றான்.

வெள்ளை விரிப்பில் பதினோரு எள். கால் முளைத்த எள். எண்ணி முடிக்கும்போது என் பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில் ஏதோ ஊர்ந்தது. அது பன்னிரண்டாவது.

அத்தனையையும் வாஷிங் மெஷினில் திணித்து ஓட்டினேன். முடிந்து கதவைத் திறந்தால், ரப்பர் விளிம்பில் ஒன்று குளித்துவிட்டு வந்த மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சிதான் கண்ணைவிட்டு அகல மாட்டேன் என்கிறது. பழமா? எண்ணி ஏழு ஆப்பிள்.

பீச்சுப்பித்து:

வெள்ளைத் துணியைப் புல்லில் இழுத்தால் உண்ணி ஏறாமல் என்ன செய்யும்? உண்ணியை ஆராய்கிறவர்கள் அதைப் பிடிப்பதே அப்படித்தான். வெளிர் நிறத் துணியைக் கம்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று புரட்டி எண்ணுவார்கள். நீங்கள் சம்பளமில்லாமல் அதே வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். அது பறக்காது, குதிக்காது. புல்நுனியில் ஏறி முன்னங்காலை நீட்டிக்கொண்டு யாராவது உரசுவார்களா என்று காத்திருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரில் அலசினால் சாகாது. காயவைத்தால்தான் சாகும். நனைக்காமல் முதலில் டிரையரில் போட்டு அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஈரத்துணி என்றால் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். அப்புறம் துவைத்துக்கொள்ளலாம்.

என் விஷயம் வேறு. பீச்சுக்கு இரண்டு வருடம் பழைய குண்டு பல்பு சரத்தைக் கிளைகளில் சுற்றி மேலே போர்வை போட்டுக் காப்பாற்றினேன். அடுத்த வருடம் சரம் பழுதாகிவிட்டது. அவசரத்தில் கையில் கிடைத்த எல்இடி சரத்தைச் சுற்றினேன். அதிகாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் போர்வைக்குள் மரம் திருவிழா மாதிரி ஜொலிக்கிறது. ஒரு பல்பைக் கையில் பிடித்தேன். ஜில். அந்த நொடியில் புரிந்துவிட்டது. எல்இடி எரியும், சுடாது. மின்சாரம் மிச்சம் என்று அதைத்தானே புகழ்கிறோம்!

காலையில் பூவெல்லாம் ரோஜா நிறத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கட்டைவிரல் நகத்தால் ஒரு பூவை நடுவில் கீறினேன், காயாக வேண்டிய சூலகம் மிளகு மாதிரிக் கறுப்பு. இருபது பூ கீறினேன், பத்தொன்பது கறுப்பு. இதழைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

பள்ளத்துத்தோட்டம்:

உண்ணி பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, தண்ணீர் பற்றிச் சொல்ல வந்தேன். போர்வை, பல்பு எல்லாம் ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கு. எனக்குப் பிளம் ஒரு வரிசை. தெளிப்பான் போட்டேன். இரவு ஒரு மணிக்குத் திறந்துவிட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள் வைத்தது போல. நல்ல தெளிவான ஐஸ், பால் வெள்ளை இல்லை. அதாவது தண்ணீர் போதுமான அளவு விழுந்திருக்கிறது. சூரியன் எழுந்தது, கிளை மின்னியது, நான் வால்வை மூடிவிட்டேன்.

அதுதான் நான் செய்த பாவம். இலேசான வறண்ட காற்று கிளம்பியது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் விடும், அதைத்தான் பூ போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. அதே ஒரு கிராம் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரியை உறிஞ்சும். ராத்திரி முழுக்கக் கொடுத்ததைக் காலை அரை மணி நேரத்தில் திருப்பி வாங்கிக்கொண்டது. ஐஸ் தானாக உருகிக் கழன்று விழும்வரை நிறுத்தவே கூடாது. வால்வின் மேல் இருந்த என் கையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றுமரத்துக்கு ஒரு வார்த்தை. ஏழு ஆப்பிளுக்கு உறைபனியை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஈரத் துணி பூவோடு ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் துணி வழியாகவே குளிர் இறங்கியிருக்கும். நாலு கம்பு நட்டுக் கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். அப்படியும் ஆப்பிளுக்குப் பத்துப் பூவில் ஒன்று பிழைத்தால் போதும், மரம் நிறையக் காய்க்கும். நடுப்பூ முதலில் விரிந்து முதலில் சாகும், சுற்றியுள்ள பூக்கள் தாமதமாக விரிவதால் தப்பும். அந்த வாரம் குளிரில் தேனீ வந்ததா என்று பார்த்தீர்களா?

கசகசா:

நீங்கள் எல்லோரும் எள் அளவு உண்ணியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அது வளர்ந்தது, கண்ணுக்குத் தெரியும். எனக்கு வந்தது கசகசா அளவு. பூ முடிந்து, பிஞ்சு கலைக்கும் பருவத்தில்தான் அது கிளம்பும். உறைபனி பயம் ஓய்ந்து நாமும் அரைக்கால் சட்டைக்கு மாறியிருப்போம்.

குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மச்சம் தட்டுப்பட்டது. இந்த மச்சம் எப்போதிலிருந்து என்று யோசித்துக்கொண்டே சுரண்டினேன். மச்சத்துக்குக் கால் இருந்தது. பிய்த்து வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எத்தனை நாளாக ஒட்டியிருந்தது என்று தெரியாது. அதுதான் முக்கியம், ஏனென்றால் உண்ணி கடித்துப் பரப்பும் லைம் நோயின் கிருமி உடம்புக்குள் இறங்கப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

ஒன்பதாம் நாள் அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. படங்களில் காட்டுகிற வளையத்துக்குள் வளையம் எதுவும் இல்லை, ஒரே சீரான சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. முதலில் பார்த்த மருத்துவர் சிலந்திக் கடி என்று களிம்பு கொடுத்தார். அடுத்தவர் ரத்தம் எடுத்தார், ஒன்றுமில்லை என்று வந்தது. எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரம் ஆகும், அதற்குள் எடுத்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். நல்லவேளை, அவர் முடிவை நம்பாமல் சிவப்பை நம்பி டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். அம்மாவிடம் போனில் லைம் நோய் என்றேன். "எலுமிச்சம்பழத்துல எல்லாமா நோய் வரும்?" என்றார். அது அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள ஓர் ஊரின் பெயர், 1970களில் அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கிய பிறகுதான் நோயே பிடிபட்டது என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதைத் தண்ணீரில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கலாம். எந்த வகை, எவ்வளவு ரத்தம் குடித்து உப்பியிருந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

வைக்கோல்போர்:

எனக்கு ஒரே ஒரு முறை ஒட்டியது. எடுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலே எழுதிய யாருமே அடிப்படையைத் தொடவில்லை என்பதால் சொல்கிறேன்.

எடுக்கும் முறை: கூர்முனை டுவீசரால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல், சீராக மேலே இழுக்க வேண்டும். வாசலின் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது, நகப்பூச்சு ஊற்றுவது எல்லாம் வேண்டாம். அது தானாக விழும்வரை காத்திருப்பது கிருமிக்கு நேரத்தைக் கொடுப்பதுதான், போதாததற்கு வதைபட்ட உண்ணி எச்சிலை உள்ளே கக்கவும் கூடும்.

அப்புறம் தோட்டம். புல்லை ஒட்ட வெட்டுங்கள். சருகுக் குவியல், விறகு அடுக்கு, கல்மேடு எதுவும் மரத்தருகே வேண்டாம், அங்கேதான் எலி குடியிருக்கும். எல்லோரும் மானைத் திட்டுகிறார்கள். மான் வளர்ந்த உண்ணியைச் சுமந்து வந்து போடும், அது உண்மை. ஆனால் குட்டி உண்ணி கிருமியை வாங்குவது எலியிடமிருந்து. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், மான், எலி இரண்டுக்கும் அதுதான் விருந்து. காட்டோரம் இருந்தால், புதருக்கும் புல்வெளிக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லு பரப்புங்கள். காய்ந்த சில்லைத் தாண்ட உண்ணிக்குப் பிடிக்காது. மரத்தடியிலும் அதையே கனமாகப் போடலாம், களை வராது. வெளிர்நிறக் கால்சட்டை, அதைக் காலுறைக்குள் செருக வேண்டும். பார்க்கக் கேலியாக இருக்கும், இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அக்குள், தொப்புள், காதுப் பின்புறம், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். இன்னொன்று, குளிர்காலம் கடுமையாக இருந்தால் அந்த வருடம் உண்ணித் தொல்லை இருக்காது, கவலை வேண்டாம்.

பீச்சுப்பித்து:

கடைசி வரி தவறு. சருகுக்கு அடியில், பனிப்போர்வைக்குக் கீழே அது சொகுசாகத்தான் இருக்கும். வளர்ந்த உண்ணி உறைநிலைக்குச் சற்று மேலே வந்தாலே எழுந்து நடமாடும். நம் பூவைக் கொல்லுகிற மைனஸ் 3 அதை ஒன்றும் செய்யாது. இரவில் பூ சாகும், மதியம் உண்ணி எழுந்துகொள்ளும்.

மரத்தடியில் சில்லு என்பதும் வசந்தத்தில் வேண்டாம். வெற்று மண், அதுவும் ஈரமண், பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும். மேலே காய்ந்த சில்லைப் பரப்பினால் மண்ணுக்கு மூடி போட்ட மாதிரி. வெயிலும் உள்ளே இறங்காது, சூடும் மேலே வராது. வேலியோரம் சில்லு சரி, மரத்தடியில் பூக்காலம் முடிந்த பிறகு போடுங்கள். பூக்காலத்துக்கு முன் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி விடுங்கள். ஒட்ட வெட்டிய புல், பூவைக் காக்க, உண்ணியைத் தடுக்க இரண்டுக்குமே நல்லது, அதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்.

பள்ளத்துத்தோட்டம்:

அதோடு தெர்மாமீட்டர் எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். என் வீட்டுச் சுவரில் 1 காட்டிய இரவில், நாற்பது அடி தள்ளித் தோட்டத்துப் பள்ளத்தில் மைனஸ் 3. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் குளிர் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தேங்கும். என் பெயரே அதற்குச் சாட்சி. பூ இருக்கும் உயரத்தில், வானம் நேராகப் படாதபடி மறைத்துத் தொங்கவிடுங்கள்.

மூன்றுமரம்:

தேனீ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரம் முழுக்க ஒன்றுகூடக் கண்ணில் பட்டதாக நினைவில்லை. அப்படியானால் பழியெல்லாம் பெட்ஷீட்டின் மேல் போட்டது தப்புதான்.

இந்த முறை கம்பு நட்டுவிட்டேன், புல்லும் வெட்டியாயிற்று. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த உடுப்பு உண்ணியைக் கொல்லும் என்கிறார்களே, விரிப்பிலும் அதைத் தெளித்து உலர்த்தி வைத்துக்கொண்டால் இழுத்து வரும்போது எள் ஏறாதில்லையா? மகன் இன்னும் சோபாவில் உட்காரும் முன் தட்டிப் பார்க்கிறான்.

கசகசா:

தெளிக்காதீர்கள்! அது சட்டை, கால்சட்டை, காலணி மாதிரியானவற்றுக்குத்தான். தோலில்கூடப் படக்கூடாது. அந்த விரிப்பைத்தான் நாளைக்குப் பூவின் மேல் போர்த்தப் போகிறீர்கள். பெர்மெத்ரின் தேனீயையும் கொல்லும், இருக்கிற நாலு தேனீயும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஆபத்து, ஈரம் காயும்வரை உடுப்பைக்கூட அதன் பக்கம் வைக்கக்கூடாது. விரிப்பை மரத்தடியிலேயே உதறி, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்டி, தூக்கிக்கொண்டு நேராக டிரையருக்குப் போங்கள். இழுக்காதீர்கள்.