வலயப் போட்டியும் சோக் பெட்டியும்

சின்னக்கா: பாப்பாவுக்குத் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் கல்வி வலய மட்டத்தில் இரண்டாம் இடம். மோசமாகப் பேசவில்லை. அவளுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மொத்தப் புள்ளி ஒன்றாக வந்தது, அப்புறம் இரண்டு பெயரையும் கடதாசித் துண்டில் எழுதி சோக் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

ஹட்டன் மாமா: என்னம்மா இது! இரண்டு பேருக்கும் முதலிடம் கொடுத்திருக்கலாமே.

சின்னக்கா: நானும் கேட்டேன் மாமா. அடுத்த மாகாணப் போட்டிக்கு ஒரு ஆள்தான் போகலாமாம். மற்றப் பிள்ளையும் அருமையாகத்தான் பேசினாள், அவளில் குறையே இல்லை. திரும்பி வரும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சி வரும்போது பாப்பா எப்போதும் எழும்பிப் பார்ப்பாள், இன்று தன் பெயர் எழுதிய துண்டை மடித்தபடி கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

டீச்சர் அக்கா: மூன்று நடுவர்தானே? தனித்தனிப் புள்ளி தெரியுமா?

சின்னக்கா: குறித்து வந்தேன். பாப்பாவுக்கு 82, 80, 75. அவளுக்கு 81, 78, 78. இரண்டும் 237.

டீச்சர் அக்கா: விடை தாளிலேயே இருக்கிறதே! இரண்டு நடுவருக்குப் பாப்பா மேல், ஒருவருக்குத்தான் மற்றப் பிள்ளை. அதைப் பார்த்திருந்தால் பெட்டியே தேவையில்லை.

தம்பி: ஆனால் அக்கா, மூன்றாமவர் 3 புள்ளி கூடப் போட்டிருக்கிறார், மற்ற இருவரும் 1, 2 தானே?

டீச்சர் அக்கா: சரியான கேள்வி. ஒரு நடுவர் எல்லாருக்கும் 75க்கும் 80க்கும் இடையில் போடுவார், இன்னொருவர் 55இல் இருந்து 90 வரை போவார், கூட்டும்போது விரித்துப் போடுகிறவரின் கைதான் ஓங்கும். அந்த 3 புள்ளியின் பலம் மொத்தத்திலேயே சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் சமன் என்றால் எத்தனை நடுவர் யாரை மேலே வைத்தார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம். மூன்று பிள்ளைகள் சமனாக வந்தால் மட்டும் இது சுற்றிக்கொண்டு நிற்கலாம், இவள் அவளை வெல்ல, அவள் மற்றவளை வெல்ல, மற்றவள் இவளை வெல்ல என்று. அப்போது பேச்சின் விடயத்துக்குப் போட்ட புள்ளியை மட்டும் கூட்டிப் பார்க்கலாம்.

ஹட்டன் மாமா: திரும்பப் பேசவிட்டால்?

டீச்சர் அக்கா: வேண்டாம் மாமா. விடியற்காலை 5 மணிக்குத் தோட்டத்தில் இருந்து புறப்பட்ட பிள்ளைக்குப் பின்னேரம் தொண்டை கட்டியிருக்கும், டவுன் பிள்ளை தெம்பாக நிற்கும்.

சின்னக்கா: இப்போது முறையிட்டு அந்தப் பிள்ளையின் இடத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை.

டீச்சர் அக்கா: பறிக்க வேண்டாம். அடுத்த வருடம் நடுவர்கள் பேனையைத் திறக்கும் முன்பே, சமன் வந்தால் என்ன செய்வோம் என்று மேடையில் வாசிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறேன். பெயர் போடாமல் இந்தக் கணக்கையும் வைக்கிறேன்.

ஹட்டன் மாமா: ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்கு வந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன். பாப்பாவின் பேச்சை நான் இன்னும் கேட்கவில்லையே.

சின்னக்கா: பாப்பாவிடம் கேட்டேன் மாமா. முழுவதும் பேசிக் காட்டுவாளாம், நடுவில் யாரும் எழும்பக் கூடாதாம்.