சிறுநீரகத் தமனியில் சுருக்கமா, அடைப்பா, ஒடுக்கமா?

மொரிஷியஸின் காத்ர் போர்ன் ஊர் மருத்துவர் ஐயா எழுதியது:
> 'ஸ்தெனோஸ்' (தமனி குறுகிப்போவதன் பிரெஞ்சுப் பெயர்) என்பதற்குச் 'சுருக்கம்' போதும். கையேடு அச்சுக்குப் போக வேண்டும்.

வணக்கம் ஐயா. அச்சு இரண்டு நாள் தள்ளிப்போகட்டும், இந்தச் சொல்லை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. உங்கள் வரைவிலேயே 'சுருக்கம்' மூன்று இடங்களில் மூன்று பொருளில் வருகிறது. தமனி குறுகி, வரும் இரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வழியாக உண்டாகும் ஆஞ்சியோடென்சின்-2 உடம்பெங்கும் சிறு தமனிகளைச் சுருங்க வைக்கிறது, உப்பையும் நீரையும் தேக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. இந்தச் சுருக்கம் தசையின் வேலை, மருந்துக்குத் தளரும். நாளடைவில் அந்தச் சிறுநீரகமும் அளவில் சுருங்கிப்போகிறது. மூலக் காரணமான குறுகலுக்கும் அதே சொல் என்றால் வாசிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

'இறுக்கம்' என்ற யோசனையும் வந்தது. 1934-இல் ஆய்வாளர் கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் நெரித்து அழுத்தம் ஏறுவதைக் காட்டினாரே, அதற்கு அது பொருந்தும். நோயில் கவ்வி எதுவும் இல்லை. பெரும்பாலும் முதியவர்களின் தமனிச் சுவரில் படியும் கொழுப்புதான் காரணம். இளம் பெண்களுக்குச் சுவரின் நார்த்தசை கோணலாக வளர்ந்தும் இது வரும்.

நான் மிகவும் அஞ்சுவது 'அடைப்பு' என்ற சொல்லுக்குத்தான். என் அத்தைக்கு மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத தான்சியோன். (சென்னை நண்பர்கள் இதை 'டென்ஷன்' என்று படித்து மனப்பதற்றம் என எண்ணிவிட வேண்டாம். மொரிஷியஸ் வீடுகளில் இரத்த அழுத்தத்துக்கு இதுதான் பெயர். கையேட்டிலும் ஒரு முறையாவது வர வேண்டும்.) மருத்துவர் தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் முடிவு வந்ததும் நான் 'தமனியில் அடைப்பு' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே கேள்வி: "அடைப்பை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" அடைப்பு என்றால் எடுத்தாக வேண்டும் என்பதுதானே நம் வழக்கு!

ஆனால் கொழுப்புப் படிவால் வந்த குறுகலில், மருந்தோடு ஸ்டென்ட்டும் (தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடப் பொதுவாக நன்மை அடையவில்லை என்று 2009-இல் ஆஸ்ட்ரல் ஆய்வும் 2014-இல் கோரல் ஆய்வும் காட்டின. அழுத்த மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையை விடுதல் ஆகியவையே முதல் சிகிச்சை. திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்பவர்களுக்கு ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். நார்த்தசைக் கோளாறு உள்ள இளம் பெண்களுக்குத் தமனிக்குள் பலூனை ஊதி விரிப்பதே பெரும்பாலும் போதும்.

என் முன்மொழிவு 'ஒடுக்கம்'. ஒடுங்கிய சந்தில் போக்குவரத்து உண்டு, நெரிசலோடு. அத்தை காவடிக்குப் பால் எடுக்கும் பித்தளைச் செம்பின் கழுத்தில் ஓர் ஒடுக்கு இருக்கிறது. அதைக் கையில் கொடுத்து, "உங்கள் தமனியும் இப்படித்தான் ஒடுங்கியிருக்கிறது" என்றேன். ஒடுக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "இதில் இன்னும் பால் எடுக்கிறேனே" என்றார். அதற்குப் பிறகு மாத்திரையைத் தவறவிடவில்லை.

---

மருத்துவர் ஐயாவின் மறுமொழி:
> ஒடுக்கம் சரி, ஏற்கிறேன். அதனால் வரும் அழுத்த நோயை என்ன சொல்வது? 'சிறுநீரக உயர் இரத்த அழுத்தம்' என்று விடலாமா?

வேண்டாம் ஐயா. சிறுநீரகத் திசுவே பழுதாகி வரும் அழுத்தத்துக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும். முதல் இடத்தில் 'சிறுநீரகத் தமனி ஒடுக்கத்தால் வரும் உயர் இரத்த அழுத்தம்' என்று முழுதாகவும், பிறகு 'தமனி ஒடுக்க அழுத்தம்' என்றும் போடலாம்.

மாத்திரைப் பகுதியில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் இந்த நோய்க்கு நல்லவை. ஆனால் இரு பக்கமும் ஒடுக்கம் இருந்தால், அல்லது இருப்பதே ஒரு சிறுநீரகமாகி அதில் ஒடுக்கம் இருந்தால், சிறுநீரகத்தின் வேலை சட்டென்று குறையலாம். மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்), பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். 'இருபக்க ஒடுக்கம்' என்று தடித்த எழுத்தில் வரட்டும்.