விளக்கொற்றி: சாதனத்தின் சிறுவிளக்கைப் படிக்கும் உணரிக்கு ஒரு பெயர்

அனுப்புநர்: ஈசூன்
பொருள்: காட்டி விளக்கைப் படிக்கும் உணரி, தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் நம் சமூக மன்றப் பயிலரங்குக்கான கையேட்டில் ஒரே ஒரு சொல் இடிக்கிறது. ஹீட்டர் சுவிட்ச், ஏர்கான், சலவை இயந்திரம் இவற்றில் எரியும் சிறு விளக்கின்மேல் ஓர் ஒளியுணரியை ஒட்டி, எரிகிறதா அணைந்ததா என்று படித்துக் கைப்பேசிக்குச் சொல்லும் அமைப்பு அது. மின்கம்பியைத் தொடவே வேண்டாம். 230 வோல்ட் பக்கம் கைவைக்க உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்; இதற்குப் பசைநாடாவும் 5 வோல்ட் சார்ஜரும் போதும்.

வெறும் 'ஒளியுணரி' என்றால், இருட்டியதும் தாழ்வார விளக்கைப் போடும் உணரியோடு குழம்பும். கையில் உள்ளவை: இயக்கநிலை உணரி, ஒளிவழி நிலையறி கருவி, ஒளிர்நிலை உணரி. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து?

---

அனுப்புநர்: தெம்பனிஸ்

> எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது.

அக்கா, அது வேண்டாம். 'இயக்கநிலை' என்று பெயர் வைத்தால் சாதனம் ஓடுகிறது என்று கருவி சத்தியம் செய்வதாகிவிடும். அதற்குத் தெரிந்தது விளக்கு மட்டும்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குளியலறைக்கு வெளியே இருக்கும் 20 ஆம்பியர் ஹீட்டர் சுவிட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு விளக்கு சுவிட்ச் போட்டிருக்கும்வரை எரியும். தொட்டி ஹீட்டராக இருந்தால், தண்ணீர் சூடேறியதும் உள்ளே இருக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாடு சுருளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். சுவிட்ச் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். தொட்டியிலேயே தனி விளக்கு இருந்தால், பல மாடல்களில் அது சூடேறும்போது மட்டும் எரியும். ஒரே ஹீட்டரில் இரண்டு விளக்கு, இரண்டு செய்தி.

டிவியில் தலைகீழ். பல டிவிகளில் சிவப்பு எரிந்தால் காத்திருப்பு, படம் ஓடும்போது அணைந்துவிடும். ரைஸ் குக்கரில் 'சமை' அணைந்து 'சூடு' எரியும்போதும் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏர்கானில் உள் அலகின் விளக்கு எரியும். வெளியே கம்ப்ரசர் நின்றிருக்கும்.

இன்னொன்று. பழைய சுவிட்சுகளில் உள்ளது நியான் விளக்கு. வருடக்கணக்கில் எரிந்தால் கண்ணாடியின் உட்புறம் கறுத்து ஒளி மங்கும், கடைசியில் சிமிட்டும், பிறகு எரியாது. அன்றைக்குக் கருவி 'அணைந்தது' என்று சொல்லும், ஹீட்டர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே பெயரில் 'விளக்கு' கட்டாயம் இருக்கட்டும். 'இயக்கம்' வேண்டாம்.

---

அனுப்புநர்: பூன் லே

மின்சாரம் எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஸ்மார்ட் பிளக் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு? பெயர் வைக்கும் முன் இதைக் கேட்டுவிடுகிறேன்.

---

அனுப்புநர்: செங்காங்

13 ஆம்பியர் பிளக்கில் மாட்டும் பொருளுக்கு ஸ்மார்ட் பிளக்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் ஹீட்டருக்கும் ஏர்கானுக்கும் பெரும்பாலும் பிளக்கே கிடையாது, நேராகக் கம்பியில் இணைத்திருப்பார்கள். கவ்வி வகை மின்னோட்ட உணரியை ஒற்றைக் கம்பியைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சுழியம் காட்டும். தனிக்கம்பியைப் பிடிக்க மின்பெட்டியைத் திறந்தாக வேண்டும். அதனால்தான் விளக்கு.

கையேட்டுக்கு வேண்டிய விவரம் இதோ. பாகங்கள்: ஜிஎல்5528 எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் ஒளியுணரி) ஒன்று, 47 கிலோஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, இஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு கணிப்பலகை). எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். (சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் நிற்காதீர்கள், அது கணினிக் கடைகள்.) 3.3 வோல்ட்டிலிருந்து எல்டிஆர். அதன் மறுகால் பலகையின் 34ஆம் பின்னுக்கு (இணைப்பு முனைக்கு). அங்கிருந்து மின்தடை வழியாகத் தரைக்கு. மின்தேக்கி மின்தடைக்கு இணையாக. பின் எண் 32 முதல் 39க்குள் இருக்க வேண்டும். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது. கம்பி சரியாக இருந்தும் மதிப்பு வராததற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இணையத்தில் கிடைக்கும் படங்களில் எல்லாம் 10 கிலோஓம் போட்டிருப்பார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். எல்டிஆரை விளக்கின்மேல் வைத்து, எரியும்போதும் அணைந்தபோதும் மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள். 15 கிலோஓம், 400 கிலோஓம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 77 கிலோஓம். மின்னழுத்த வேறுபாடு அங்கேதான் உச்சம். ஆனால் கடையில் கிடைக்கும் 82ஐப் போட்டால் எரியும்போது 2.79 வோல்ட் வரும். இஎஸ்பி32 ஏறக்குறைய 2.5க்கு மேல் ஒழுங்காக அளக்காது. 47 போட்டால் எரியும்போது 2.5, அணைந்தால் 0.35. இது போதும். 10 போட்டால் 1.32, 0.08. வேலை செய்யும், ஆனால் விளக்கு மங்க மங்க இடைவெளி சீக்கிரம் கரைந்துவிடும்.

எல்லை ஒன்று அல்ல, இரண்டு வையுங்கள். 1.8ஐத் தாண்டினால் எரிகிறது, 1.0க்குக் கீழே போனால் அணைந்தது, நடுவில் இருந்தால் பழைய முடிவே நீடிக்கட்டும். ஒரே எல்லை என்றால் அதன் ஓரத்தில் ஆடும்போது கைப்பேசி நிமிடத்துக்கு நாலு முறை அலறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நியான் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதை மின்தேக்கி மழுப்பிவிடும். பாதியில் நிறுத்திய சலவை இயந்திரம் விளக்கைச் சிமிட்டும் என்பதால், 'அணைந்தது' என்று சொல்லுமுன் 3 நொடி காத்திருக்கட்டும். அந்த இயந்திரத்தின் எண்காட்டியில் ஒட்டவே வேண்டாம்: நிமிடம் 8லிருந்து 7 ஆனால் நீங்கள் ஒட்டிய கோடு அணைந்திருக்கலாம். கதவுப் பூட்டு விளக்கு நல்ல இடம்.

பிழை வரும் இடம் பெரும்பாலும் சுற்று அல்ல, ஒளிக்கசிவு. மேற்குப் பார்த்த சன்னல் என்றால் மாலை 5 மணிக்கு எல்லாச் சாதனமும் 'எரியும்'. 15 மில்லிமீட்டர் நீளக் கறுப்புச் சுருங்கு குழாயில் எல்டிஆரை 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், பின்பக்கத்தையும் மூடுங்கள். வெள்ளைப் பசைக்களி வெளிச்சத்தைக் கடத்தும். கறுப்பு நுரைநாடா நல்லது. சாதாரண மின்காப்பு நாடா நம் ஊர் வெக்கைக்குப் பசை கசிந்து நழுவும். ஒட்டியபின் விளக்கை அணைத்து, கைப்பேசி டார்ச்சை எல்லாப் பக்கமிருந்தும் அடித்துப் பாருங்கள், 1.0ஐத் தொட்டால் மறுபடி ஒட்டுங்கள். ஏர்கானில் ரிமோட் கதிர் வாங்கும் இடம் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதை மூடிவிடாதீர்கள். எல்டிஆருக்குப் பதில் பிபிடபிள்யூ34 என்ற ஒளி டையோடைப் போடுபவர்கள் கவனிக்க: அது கூர்மையாக உணர்வது 900 நானோமீட்டர் அருகே, அதாவது ரிமோட்டின் அகச்சிவப்பையும் விளக்கு என்றே எண்ணிக்கொள்ளும்.

பெயர் விஷயத்தில் தெம்பனிஸ் கட்சிதான் நானும். 'விளக்குநிலை உணரி' என்று வைத்துவிடலாமே?

---

அனுப்புநர்: பிடோக்

'விளக்குநிலை உணரி' பிழையில்லை, கொஞ்சம் நீளம். 'ஒளிர்நிலை'யைத் தள்ளிவிடுங்கள், அது பிரகாசத்தின் அளவு என்று படும். என் முன்மொழிவு: விளக்கொற்றி.

ஒற்றுதல் என்றால் அழுத்தி ஒட்டவைத்தல். காயத்தில் பஞ்சை ஒற்றுகிறோம். ஒற்று என்றால் வேவும்தான். குறளில் 59ஆம் அதிகாரமே ஒற்றாடல். விளக்கின்மேல் ஒட்டிக்கொண்டு வேவு பார்ப்பதுதானே இந்தக் கருவியின் வேலை? விளக்கு சொன்னதை மட்டும் கொண்டுவரும், சாதனத்துக்கு உத்தரவாதம் தராது. 'ஒளியொற்றி' வேண்டாம், படியெடுக்கும் கருவி போலத் தோன்றும்.

செங்காங் சொன்ன இரட்டை எல்லைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஆங்கிலத்தில் ஹிஸ்டரிசிஸ் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'காந்தத் தயக்கம்' இருக்கிறது, இங்கும் 'தயக்கம்' பொருந்தும். எல்லை (த்ரெஷோல்ட்) என்பதற்குப் 'பயன்தொடக்கம்' பாடநூலுக்குச் சரி. பயிலரங்கில் 'மேல் எல்லை, கீழ் எல்லை' என்றாலே புரியும்.

---

அனுப்புநர்: பூன் லே

இரண்டு தடை. நிலப்பத்திரத்தில் ஒற்றி என்றால் அடமானம். வேகமாகச் சொன்னால் 'விளக்கொளி' என்று காதில் விழும்.

---

அனுப்புநர்: பிடோக்

அடமானப் பொருள் ஊரில் பத்திரம் எழுதுபவர்களிடம் இருக்கிறது. இங்கே வீட்டுக்கடன் வாங்கியவர் யாரும் 'ஒற்றி வைத்தேன்' என்று சொல்வதில்லை. இரண்டாவது தடை நியாயமானது. பேசும்போது 'விளக்கொற்றிக் கருவி' என்று சொல்லட்டும், எழுத்தில் தனித்தே நிற்கும்.

---

அனுப்புநர்: தெம்பனிஸ்

எனக்குச் சம்மதம். ஒரு எல்லைக்கோடு மட்டும்: மின்மானியின் துடிப்பு விளக்கைப் படிக்கும் கருவியை இதில் சேர்க்காதீர்கள். 1000 துடிப்புக்கு 1 கிலோவாட் மணி என்று பொறித்த மானியில், 2 கிலோவாட் ஓடினால் 1.8 நொடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் கண நேரம்தான் மின்னும். எல்டிஆர் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை, 10 மைக்ரோஃபாரட்டும் அதை விழுங்கிவிடும். அது எண்ணும் கருவி, துடிப்பெண்ணி என்று தனியாக இருக்கட்டும்.

---

அனுப்புநர்: ஈசூன்

நன்றி. கையேட்டில் கருவிக்கு 'விளக்கொற்றி', அது தரும் மதிப்புக்கு 'விளக்குநிலை', இரட்டை எல்லைக்குத் 'தயக்கம்', துடிப்பெண்ணிக்கு ஓர் அடிக்குறிப்பு என்று போடுகிறேன். கைப்பேசிச் செய்தியையும் மாற்றியாயிற்று. முன்பு 'ஹீட்டர் ஓடுகிறது' என்று இருந்தது. இப்போது 'ஹீட்டர் சுவிட்ச் விளக்கு 40 நிமிடமாக எரிகிறது'. கையேட்டில் டிவி பற்றிய பக்கத்தில் மட்டும் எரிந்தால் காத்திருப்பு என்று தலைகீழாக எழுத வேண்டியிருக்கிறது. அந்த வரியைச் செங்காங் ஒருமுறை பார்த்துத் தந்தால் நல்லது.