புரோட்டா பார்சல்: பிளாஸ்டிக்கும் வேண்டாம், காகித டப்பாவும் வேண்டாம் என்றால் எதில் கட்டுவது?

ஒத்தக்கடை புரோட்டாக்கடை

எல்லாருக்கும் வணக்கம். ஒத்தக்கடையில் நானும் என் வீட்டுக்காரரும் சாயங்காலக் கடை நடத்துகிறோம். புரோட்டா, கொத்து, சிக்கன் ரைஸ், நூடுல்ஸ். விவசாயக் கல்லூரிப் பிள்ளைகளும் ஹைகோர்ட் பக்கமிருந்து வருகிறவர்களும்தான் அதிகம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிடப் பார்சல் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

நாலு புரோட்டா பார்சலில் என்னென்ன போகிறது என்று சொல்கிறேன். புரோட்டாவுக்கு ஒரு காகித டப்பா, அதற்குள் பட்டர் பேப்பர். சால்னாவுக்கு ஒரு குட்டி டப்பா. வெங்காயத்துக்கு இன்னொன்று. டிஷ்யூ, ஸ்பூன். எல்லாவற்றையும் போட ஒரு காகிதப் பை. சாப்பிட எடுத்துக்கொள்கிற நேரம் பத்து நிமிடம்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகுதான் காகிதத்துக்கு மாறினோம். மொத்தக் கடையில் டப்பா மேல் பச்சை இலை படம் போட்டு விற்கிறார்கள். ஆனால் உள்ளே மினுமினு என்று ஒரு பூச்சு இருக்கிறது. அந்தத் தடைப் பட்டியலிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் இருக்கின்றன. அப்புறம் இது எப்படி நல்ல டப்பா ஆகும்?

என் பிறந்த ஊர் அழகர்மலை அடிவாரம். கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் மதுரையில் வாங்கிய பார்சலை மலைப்பாதை ஓரத்தில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். குரங்குகள் டப்பாவை நக்கி, கவரையும் சேர்த்துத் தின்கின்றன. காகிதம் செய்ய மரம் வெட்டுகிறார்கள், செய்த டப்பாவும் காட்டில்தான் வந்து விழுகிறது. என் கடையிலிருந்து இது போகக்கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் வியாபாரமும் நடக்க வேண்டும். என்ன செய்யலாம்?

கூழ்ப்பிரிவு, திருநகர்

அம்மா, காகித ஆலையில் கூழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காட்டில் போய் விழுகிற டப்பா ஒரு பிரச்சினை, காட்டிலிருந்து வருகிற டப்பா வேறு பிரச்சினை. இரண்டாவதைப் பற்றி எனக்குத் தெரியும்.

உங்கள் டப்பாவுக்காக மேகமலையில் மரம் வெட்டுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகள் மூலம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கை சொன்னது. யூக்கலிப்டஸ், சவுக்கு, சூபாபுல் எல்லாம் இப்போது பெரும்பாலும் பட்டா நிலத்திலிருந்து வருகின்றன. புகழூரில் இருக்கிற அரசு ஆலை, டி.என்.பி.எல்., கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தொடங்கியது. மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் 2016-ல் அவர்களுடைய அட்டை ஆலை வந்தது.

இதனால் காட்டுக்குச் சேதமே இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் கொள்கைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் காகிதத்துக்கும் ரேயான் துணி நூலுக்கும் அடிமாட்டு விலைக்குப் போனது. கொடைக்கானல் மேல்மலையில் புல்வெளி இருந்த இடங்களில் யூக்கலிப்டஸும் வாட்டில் என்கிற வெளிநாட்டு மரமும் நட்டார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளி அது. போனது போனதுதான். இன்றைக்கும் வெளிநாட்டுக் கூழும் அட்டையும் இறக்குமதி ஆகின்றன. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் மழைக்காட்டை அழித்து அகேசியா நட்டுத்தான் கூழ்த் தொழில் பெருத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இயற்கைக் காடு இருந்த பல இடங்களில் இப்போது ஒரே வரிசையாகப் பைன் மரம். மெக்டொனால்ட்ஸ் 1990-ல் தெர்மாகோல் பெட்டியை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு மாறியபோது உலகமே பாராட்டியது. அந்தப் பாரம் மரத்தின் தலையில் இறங்கியதைப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்.

வெளியே அதிகம் தெரியாத இன்னொரு சங்கதி. உணவு நேராகப் படுகிற அட்டைக்குப் பெரும்பாலும் புதுக் கூழ்தான் போடுவார்கள். பழைய காகிதத்தில் அச்சு மை கலந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். நல்ல காகித நாரை ஐந்தாறு தடவை திரும்பவும் காகிதமாக்கலாம். உங்கள் டப்பாவில் சால்னா பட்டதும் அந்த வழி அடைந்துவிடுகிறது, எண்ணெய் ஏறிய நார் ஒன்றோடொன்று ஒட்டாது. நீங்கள் பார்த்த மினுமினுப்பு பாலித்தீன். அதைப் பிரித்தெடுக்கத் தனி இயந்திரம் வேண்டும். பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார், நேராக வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.

ஆகவே எந்த டப்பா நல்லது என்று தேடி அலையாதீர்கள். பார்சலிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று பாருங்கள். ஸ்பூனையும் டிஷ்யூவையும் கேட்டால் மட்டும் கொடுங்கள். புரோட்டாவை ஸ்பூனால் யார் சாப்பிடுகிறார்கள்?

சோழவந்தான் இலைக்கட்டு

அக்கா, எங்களுக்கு இலை வியாபாரம்தான். புரோட்டாவுக்கு டப்பாவே தேவையில்லை. கல்யாணத்துக்குப் போகிற நுனி இலை விலை அதிகம், அதைத் தொடாதீர்கள். நடுவிலிருந்து நறுக்குகிற ஏடு இருக்கிறது, ஓரம் கிழிந்ததும் இருக்கிறது. பந்திக்கு ஆகாது என்று ஒதுக்குவோம், பார்சலுக்கு அது போதும். பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். உங்கள் புரோட்டாக் கல்லின் ஓரத்தில் ஒரு புரட்டு வாட்டி எடுங்கள், துணி மாதிரி மடியும். ஒன்றைக் குறுக்கே, ஒன்றை நெடுக்கே வைத்துக் கட்டினால் எண்ணெய் வெளியே வராது. வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டால் நூலும் ரப்பர் பேண்டும் மிச்சம்.

செய்தித்தாளில் மட்டும் சுற்றாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும். 2018-லேயே உணவுப் பாதுகாப்பு விதியில் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

மந்தார இலையைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். காய்ந்த இலை, நாள்பட இருக்கும். ஆனால் அதைக் காட்டில்தான் பறிக்கிறார்கள், அளவோடு இருந்தால் சரி. பாக்கு மட்டைத் தட்டு தானாக விழுந்த மட்டையில் செய்வது, அதற்காக எதையும் வெட்டுவதில்லை. கரும்புச் சக்கை டப்பா வாங்கினால், எண்ணெய் ஊறாமல் இருக்க என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம் இருக்கிறது.

பழங்காநத்தம் பிரியாணி

சால்னாதான் உண்மையான தலைவலி, இலை அதைத் தாங்காது. நாங்கள் எவர்சில்வர் தூக்கு வாங்கி வைத்திருக்கிறோம். முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுப்போம், திருப்பித் தந்தால் பணத்தைக் கொடுத்துவிடுவோம். 2022-ல் நீலகிரியில் காலி மதுபாட்டிலுக்கு இதே மாதிரிதான் செய்தார்கள்: வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல், பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வரும். காட்டு யானை காலில் உடைந்த பாட்டில் குத்துகிறது என்று நீதிமன்றம் வரை போன விஷயம் அது. பாட்டிலுக்கு முடிந்தது சால்னாவுக்கும் முடியும். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி சால்னா கூடுதலாக ஊற்றுங்கள். காசு குறைப்பதைவிட அதற்குத்தான் எங்கள் கடையில் மதிப்பு.

ஒத்தக்கடை புரோட்டாக்கடை

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசினோம். புரோட்டாவையும் கொத்தையும் வாட்டிய ஏட்டில் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம். சூடு இறங்க இறங்க இலை வாசம் புரோட்டாவில் ஏறும், அது எந்த டப்பாவிலும் வராது. வெங்காயத்தையும் அதே பொட்டலத்தில் ஒரு மூலையில் மடித்து வைத்துவிடலாம், தனி டப்பா எதற்கு? விடுதிப் பிள்ளைகள் தினமும் வருகிறவர்கள். அவர்களுக்குத் தூக்கு சரியாக வரும், அறைக்கு ஒன்று என்று கொடுத்தால் அவர்களே கழுவிக் கொண்டு வருவார்கள்.

செயலியில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு மட்டும் இப்போதைக்கு வழி தெரியவில்லை. டெலிவரித் தம்பி வண்டியில் குலுங்கிப் போகும்போது சால்னா கொட்டினால் அவர் தலையில்தான் பழி விழுகிறது. அதற்கு டப்பா இருக்கட்டும், ஆனால் ஒன்றே ஒன்று. அழகர்கோயில் போகிறோம் என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கு டப்பா தரவே மாட்டேன், இலை மட்டும்தான். குரங்கு தின்றாலும் ஆடு தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

சோழவந்தான் தம்பி, ஒரு சந்தேகம். ஆடி மாதம் காற்றில் இலையெல்லாம் கிழிந்து விலை ஏறுமே, முகூர்த்த நாளில் கிடைக்கவே கிடைக்காதே, அப்போது என்ன செய்வது?

சோழவந்தான் இலைக்கட்டு

ஆடியில் கிழிவது உண்மைதான் அக்கா, ஆனால் கிழிந்த ஏடு அப்போதுதான் நிறைய விழும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே சொல்லி வையுங்கள், பந்திக் கட்டு போட்டது போக மீதியை உங்களுக்கு எடுத்து வைக்கிறோம். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாளும் தாங்கும். விலையை நேரில் பேசிக்கொள்ளலாம், தினமும் எடுக்கிறவர்களுக்குக் கல்யாண விலை போடமாட்டோம்.