கரி ட்ராக்குக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

கேள்வி: தினசரி ஓட்டுற போலோ காரைத்தான் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ட்ராக் டேக்குக் (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்டுற நாள்) கொண்டு போறேன். நாலாவது சுத்துலயே பிரேக் பெடல் ஆழமா இறங்குது. துளை போட்ட டிஸ்க் மாத்தட்டுமா?

பதில் 1: டிஸ்க்கை விடுங்க ப்ரோ. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலேன்னாதான் பேட் பிடிப்பு விட்டிருக்கு. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினா 155தான். சீல் பிரிக்காத ஒரு லிட்டர் வாங்கி நாலு வீலும் ப்ளீட் பண்ணுங்க (பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துறது). டாட் 5.1 கலக்கலாம். டாட் 5 சிலிக்கான், தொடவே தொடாதீங்க.

பதில் 2: துளையைச் சுத்தித்தான் விரிசல் ஆரம்பிக்கும். துளையில்லாத வென்டிலேட்டட் டிஸ்க்கே (நடுவுல காத்து போற இடைவெளி உள்ளது) போதும். குறைந்தபட்ச தடிமன் அதுலயே பொறிச்சிருக்கும். முழு ரேஸ் பேட் சூடேறாம பிடிக்காது, ஆபீஸ் போற வண்டிக்கு ஆபத்து. ரோடு, ட்ராக் ரெண்டுக்குமான பேட் போடுங்க, பாதி தேஞ்சதோட ட்ராக்குக்குப் போகாதீங்க.

பதில் 1: புது பேட்னா அது டிஸ்க்கோட பொருந்த, காலி ரோட்டுல 80 கி.மீ. வேகத்துலிருந்து 20க்கு எட்டு தடவை பிரேக் போடுங்க, முழுசா நிறுத்தாம. பிறகு பத்து நிமிஷம் மெதுவா ஓட்டி ஆறவிடுங்க. சூட்டோட பிட்ல (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்துற இடம்) பிரேக்கை மிதிச்சு நின்னா பேட் தடம் டிஸ்க்ல படிஞ்சு ஸ்டீயரிங் உதறும்.